கெட்டித் தண்ணீர்

கீழ் வீட்டு நிவேதா இன்று காலை வாட்ஸப்பில் ஒரு வார்த்தை அனுப்பியிருந்தாள். இன்ஸ்பிஸேட். "ஆன்ட்டி, இதுக்கு என்ன அர்த்தம்? அப்டியே ஒரு சென்டன்ஸும் சொல்லுங்க, மனசுல நிக்கிற மாதிரி." திருநெல்வேலிப் பெண். ஐ.டி. கம்பெனியில் வேலை. வெளிநாட்டில் மேலே படிக்கப் போவதற்காக ஏதோ பரீட்சை எழுதுகிறாள். அந்தப் பரீட்சை வைக்கிறவர்கள், மனிதர்கள் யாரும் வாயால் சொல்லாத வார்த்தைகளாகத் தேடிப் பிடித்துக் கேட்பார்களாம். நான் பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கத்துக் கான்வென்ட் ஒன்றில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள் என்று தெரிந்த நாளிலிருந்து, அகராதி புரட்டும் சிரமத்தை அவள் விட்டுவிட்டாள்.

அர்த்தம் சுலபம். நீர்த்து இருப்பதைக் கெட்டியாக்குவது. உடனே அனுப்பிவிட்டேன். சென்டன்ஸ்தான் வரவில்லை. வரவில்லை என்று சொல்வதும் பொய். ஒன்று வந்தது, அதை அந்தச் சின்னப் பெண்ணுக்கு அனுப்ப எனக்குப் பிடிக்கவில்லை. 'அப்புறம் சொல்றேம்மா' என்று எழுதிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். அவள் சும்மா இருந்தாலும் என் மண்டை சும்மா இருக்குமா? அதனால்தான் உங்களிடம் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்த வார்த்தையைத் திட்டிவிடுகிறேன். நம் அடுப்பங்கரையில் ஒவ்வொன்றும் அதனதன் விதத்தில்தான் கெட்டிப்படும். பால் சுண்டும். குழம்பு வற்றும். தயிர் உறையும். சர்க்கரைத் தண்ணீர் பாகாகும், அதிலும் எத்தனையோ பதம். ஆறின பாயசம் இறுகும். கஞ்சி ஆடை கட்டும். இதெல்லாம் கரண்டி பிடித்து நின்றவர்கள் உண்டாக்கின வார்த்தைகள். இங்கிலீஷிலும் சாதுவான 'திக்கன்' இருக்கிறது, யாருக்கும் கெடுதல் இல்லை. 'கோஆகுலேட்' என்று ஒன்று, இன்று ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் விறைப்பாக நிற்கிறது. ஆனால் அதன் பூர்வீகம் பாலில் ஊற்றும் உறைதான். லத்தீனில் அதற்கு அந்தப் பெயர். இந்த இன்ஸ்பிஸேட்டும் லத்தீன்காரன்தான். ஸ்பிஸஸ் என்றால் அடர்த்தி. அதை வைத்து இதைக் கட்டி, பழைய வெள்ளைக்கார வைத்தியர்கள் பச்சிலைச் சாற்றைக் காய்ச்சி லேகியப் பதத்துக்குக் குறுக்குவதற்குப் பெயராக வைத்துக்கொண்டார்களாம். லேகியம் போய்விட்டது, வார்த்தை ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டது. கோட்டும் டையும் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் அது வந்தது அங்கிருந்துதான்.

இத்தனை வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள் அதுவரை அதைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கேள்விப்படாமலேயே செத்துப்போயிருந்தால் நிம்மதி.

என் வீட்டுக்காரர் சேவியர் லிஃப்ட் மெக்கானிக். பெங்களூர் மேலே மேலே வளர்ந்த காலத்தில் அதோடு கூடவே ஏறி இறங்கினவர். கல்யாணமான புதிதில் ஒக்கலிபுரத்தில் ரயில் சத்தம் கேட்கிற சந்தில் ஒரு ஓட்டு வீட்டில் இருந்தோம். சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே கிரீஸ் வாசனை நுழைந்துவிடும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்பு போட்டுக் கழுவி, தலைக்கு எண்ணெயும் தடவிக்கொண்டாலும் அந்த வாசனை போகாது. முதல் மாசம் முகத்தைச் சுளித்தேன். பிறகு அவர் ஊருக்குப் போன நாட்களில் அவருடைய பழைய சட்டையைத் தலையணைக்கு உறையாகப் போட்டுப் படுத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

டிசம்பர் குளிரில் லிஃப்ட் மெஷினில் எண்ணெய் கெட்டிப்பட்டுவிடும் என்பார். காலையில் முதல் தடவை ஏறும்போது லிஃப்ட் முனகுமாம். "கெட்டியா இருந்தா எதுவும் ஓடாது டீச்சரம்மா, எண்ணெயா இருந்தாலும் சரி, மனுஷனா இருந்தாலும் சரி" என்று என்னைச் சீண்டுவார். அவருக்குக் கெட்டியான எதுவும் ஆகாது. கஞ்சி ஆகாது. பாயசம் ஆகாது. ராகிக்களியைப் பார்த்தால் எழுந்து போய்விடுவார், இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர் என்றுகூடச் சொல்ல முடியாது. வேண்டியதெல்லாம் ரசம், நீர்மோர், சாயம் மட்டும் இருக்கிற டீ. என் அம்மா வீட்டில் குழம்பு தோசைக்கரண்டியில் எடுத்து வைக்கிற மாதிரி இருக்கும். அந்தப் பழக்கத்தில் நான் வைத்த முதல் குழம்பைப் பார்த்துவிட்டு, "இத எப்டி ஊத்திக்கிறது, கத்தி இருக்குதா?" என்று கேட்டார். அன்று நான் அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் தங்கை ஸ்டெல்லா பாவாடையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஸ்டெல்லா அப்போது எங்களோடுதான் இருந்தாள். பத்தாவது தாண்டவில்லை. கார்மென்ட்ஸ் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். எனக்கு நாத்தனார் என்றால் எப்படி இருப்பாள் என்று அம்மா வீட்டில் எவ்வளவோ பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். இவள் என் புடவையைக் கட்டிக்கொண்டு, என் பவுடரைப் போட்டுக்கொண்டு, என்னோடு ஒரே பாயில் படுத்துக்கொண்டு, சினிமாக் கதை முழுவதையும் பாட்டோடு சொல்லி முடித்துவிட்டுத்தான் தூங்குவாள். காவிரித் தகராறு வந்த நாட்களில் தெருக் குழாயில் நாங்கள் இருவரும் வாயே திறக்காமல் வரிசையில் நிற்போம். தமிழ் வாயிலிருந்து தப்பித்தவறி விழுந்துவிடக் கூடாது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அவள் ஒரு சொம்பு தண்ணீரை அப்படியே அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, "யப்பா, தண்ணிக்கி பாஷ இல்ல அண்ணி, நமக்குத்தான் தொல்ல" என்பாள். அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வரும்.

கல்யாணமாகி அவள் அதே ஒக்கலிபுரத்தில் இரண்டு சந்து தள்ளிக் குடிபோனாள். நாங்கள் பின்னாளில் கடன் வாங்கிச் சந்தாபுராவில் இந்த ஃப்ளாட்டுக்கு வந்தோம். அவர் வாங்கியதற்குச் சொன்ன காரணம், லிஃப்ட் நல்ல லிஃப்ட். மகன் கல்யாணமாகி புனேயில் இருக்கிறான். நாங்கள் இருவரும் நிம்மதியாக ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு மிச்ச நாட்களை ஓட்டலாம் என்றிருந்தோம்.

ஒரு நாள் காலை சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நின்றார். "என்னா, கண்ணாடி போட்டுக்கங்களேன்" என்று நான் அடுப்படியிலிருந்து சொன்னேன். பதில் வந்தது, ஆனால் வார்த்தையாக வரவில்லை. பக்கவாதம். பிழைத்துக்கொண்டார். கை ஓரளவு வந்தது, கால் கைத்தடியோடு வந்தது. பேச்சு ஒவ்வொரு சொல்லாக, வழவழவென்று வந்தது. தொண்டை மட்டும் வரவில்லை.

தொண்டைக்கு என்ன என்று எனக்கு விளக்கியது ஆஸ்பத்திரியில் இருந்த ஸ்பீச் தெரபிஸ்ட் பெண். பெயர் சஹனா. கன்னடப் பெண், எனக்காகத் தமிழ் பேசுவாள். நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாய்க்கு ஒரு கதவு மூடிக்கொள்ளுமாம். இவருக்கு அந்தக் கதவு லேட்டாக மூடுகிறது. சாதம், இட்லி என்றால் மெதுவாக வரும், கதவு மூட நேரம் இருக்கும். தண்ணீர் ஓடி வந்துவிடும். கதவு மூடுவதற்குள் நுரையீரலுக்குள் போய்விடும். "அதுக்கே ஆன்ட்டி, தண்ணி பேடா, வேண்டாம். ஸ்வல்பகூட பேடா. டீ, ரசம், மோரு எல்லாம் திக் பண்ணியே கொடுங்க." பவுடர் டப்பா ஒன்றைக் காட்டி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினாள். கொஞ்ச நேரம் விட்டு ஸ்பூனைச் சாய்த்தாள். தண்ணீர் ஸ்பூனிலிருந்து விழ யோசித்தது. தேன் மாதிரி இருக்க வேண்டும், அதுதான் பதம் என்றாள்.

வீட்டுக்கு வந்து நான் கலக்கின முதல் டம்ளரில் கட்டி கட்டியாக மிதந்தது. இரண்டாவது டம்ளர் கவிழ்த்தாலும் விழவில்லை. மூன்றாவது சரியாக வந்தது. டீயில் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் வாங்கினார். விழுங்கினார். என்னைப் பார்த்தார். எத்தனையோ நாள் கழித்து அவர் தெளிவாகச் சொன்ன முதல் சொல் அதுதான். "கிரீஸ்."

நான் சிரித்தேன். அவருக்கும் பாதி வாய் சிரித்தது. பிறகு அவர் அழுதார். அந்த நோய்க்கு அப்படி உண்டாம், சிரிப்பும் அழுகையும் பக்கத்துப் பக்கத்தில் வருமாம். நோயினால் அழுதாரா, டீயினால் அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். சுவை மாறவில்லை, டீதான். ஆனால் நாக்கு அதை டீ என்று ஒத்துக்கொள்ள மறுத்தது. ரசத்தைக் கெட்டியாக்கின அன்று இன்னும் மோசம். மிளகு, சீரகம், பூண்டு எல்லா வாசனையும் சரியாக இருக்கிற ஒரு கூழ். அந்தப் பாவத்தை நான் தினமும் மத்தியானம் செய்தேன்.

அதிலிருந்து அவருக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றுதான். ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர். குளிக்க வைக்கும்போது தலையில் ஊற்றினால் உதட்டை நக்குவார். நான் வாயைத் துடைத்துவிடுவேன். மழை பெய்தால் பால்கனிக்குப் போகக் கைத்தடியைத் தேடுவார். சஹனாவுக்கும் அது தெரியும். "அங்கிள், எக்ஸர்சைஸ் எல்லாம் சரியா மாடிதரே, செஞ்சீங்கன்னா, மறுபடி டெஸ்ட் வெச்சு, பாஸ் ஆனா நானே என் கையில தண்ணி கொடுப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைப் பிடித்துக்கொண்டு அவர் கன்னத்தை உப்புவதும், நாக்கை நீட்டுவதும், வெறும் வாயை விழுங்குவதுமாக நாள் முழுவதும் உழைத்தார். ஸ்கூலில் நான் பார்த்த எந்தப் பிள்ளையும் அப்படிப் பரீட்சைக்குப் படித்ததில்லை.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஃபாதர் வீட்டுக்கு வந்து அவருக்கு நற்கருணை கொடுப்பார். அப்பம் உலர்ந்தது, தொண்டையில் ஒட்டும். அதனால் கடுகளவு கிள்ளி, ஒரு ஸ்பூன் கெட்டித் தண்ணீரில் வைத்துக் கொடுப்பார். ஃபாதர் ரோமில் படித்தவர். இப்படிச் செய்யலாமா என்று நான் கேட்டதற்கு, "ஆண்டவரு பாலைவனத்துல வானத்துலேர்ந்து பொடிப்பொடியா மன்னாவையே குடுத்தாரும்மா, பவுடருக்கா கோவிச்சிக்குவாரு?" என்றார்.

இனி அந்த செப்டம்பர்.

ஸ்டெல்லா வருஷா வருஷம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போகிறவள். அந்த வருஷம் அண்ணனுக்காக வேண்டிக்கொண்டு, காவிப் புடவை கட்டி, கடைசி சில மைல்கள் வெறுங்காலோடு நடந்திருக்கிறாள். திரும்பி வந்த மறுநாளே மெஜஸ்டிக் ஸ்டாண்டிலிருந்து பஸ் பிடித்து இங்கே வந்துவிட்டாள். காலில் கொப்புளம். பையில் மெழுகுவர்த்தி, எண்ணெய், கடலை, பிறகு மாதா உருவத்தில் செய்த பிளாஸ்டிக் பாட்டிலில் புனிதத் தண்ணீர். மாதாவின் நீலக் கிரீடம்தான் அதற்கு மூடி.

அண்ணன் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாளே என்ற தைரியத்தில் நான் மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனேன். தூறல் போட ஆரம்பித்திருந்தது. அள்ளிக்கொண்டு இறங்கி வந்தால் அண்ணனும் தங்கையும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டெல்லா கண்ணில் தண்ணீர். அவர் மடியில் பாட்டில். மாதாவின் இடுப்பு வரைக்கும் காலி.

"அண்ணி! அண்ணன் குடிச்சிடுச்சு அண்ணி! ஒரு இருமல்கூட இல்ல!"

துணியெல்லாம் தரையில் விழுந்தது. "என்ன காரியம் பண்ணின ஸ்டெல்லா? உனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். அவளுக்கு எல்லாம் தெரியும். அந்தப் பவுடரை என்னைவிடக் கட்டியில்லாமல் கலக்குகிறவள் அவள்.

"தண்ணி குடுக்கக் கூடாதுன்னு தெரியும் அண்ணி. இது தண்ணியா? மாதா தண்ணி. இது எப்பிடி தப்பு வழில போவும்?"

அவர் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. பக்கவாதத்துக்கு முந்தின முகம் அது. எனக்குக்கூட ஒரு நிமிஷம் அப்படித் தோன்றிவிட்டது. யாருக்குத் தெரியும், அற்புதம் நடந்திருக்கலாம் அல்லவா என்று. இருமல் வராமல் உள்ளே போவதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்று சஹனா ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சொல்லியிருந்தது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் காய்ச்சல். அதற்கு மறுநாள் மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ், ஆக்ஸிஜன், ஐ.சி.யூ. நுரையீரலில் சளி கட்டி, உலர்ந்து, பசையாக இறுகிக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு இளம் டாக்டர் சொன்னார். காகிதத்தில் அவர் எழுதியிருந்த அந்த இன்ஸ்பிஸேட் வார்த்தையைத்தான் நான் வராந்தாவில் நின்று ஃபோனில் தேடிப் படித்தேன். எதைக் கெட்டியாக்கினால் அவர் பிழைப்பார் என்று மாசக்கணக்காக ஸ்பூனும் கையுமாக நின்றேனோ, அந்தக் கெட்டி இப்போது அவர் நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டிருந்தது. மிஷின் வைத்து அதை உறிஞ்சும் சத்தம் கதவுக்கு வெளியே கேட்கும். நான் காதைப் பொத்திக்கொள்வேன். ஸ்டெல்லா பொத்திக்கொள்ள மாட்டாள். நின்று கேட்பாள்.

ஜெபம் பண்ண வந்த ஃபாதரிடம் அந்த வார்த்தையைக் காட்டினேன். டீச்சர் புத்தி, ஐ.சி.யூ. வாசலிலும் போகவில்லை. அவர் பார்த்துவிட்டு, இதன் ஒன்றுவிட்ட தம்பி இத்தாலியன் பாஷையில் இருக்கிறான், ஸ்பெஸ்ஸோ என்று, அங்கே கெட்டி என்றும் சொல்வார்கள், அடிக்கடி என்றும் சொல்வார்கள் என்றார். பேச்சுக்கு ஏதாவது வேண்டியிருந்தது, இருவரும் அதைப் பேசினோம். இனி இவருக்கு இது அடிக்கடி வருமோ என்று மட்டும் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஸ்டெல்லாவைத் திட்டவில்லை. பெருந்தன்மை இல்லை, திட்டுவதற்குத் தெம்பு இல்லை. யாருமே ஒன்றும் சொல்லவில்லை. புனேயிலிருந்து வந்த என் மகன்கூட, "விடுங்க அத்த, நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க" என்றுதான் சொன்னான். ஒரு வேளை யாராவது நாலு வார்த்தை கத்தியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்குமோ என்னவோ. அந்த வராந்தாச் சுவரில் ஒரு மாதா படம் இருந்தது. ஒரு நாள் அதன் முன்னால் போய் நின்று, என்னையும் கூப்பிட்டு, சத்தமாகவே சொன்னாள்.

"அண்ணன் என்னைக்கு உங்க வூட்டுல பச்சத் தண்ணி குடிக்குதோ, அன்னைக்குத்தான் அந்த வூட்டுல என் வாயில தண்ணி படும். இது மாதா மேல நேர்ச்சை."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கள் ஆட்கள் நேர்ச்சைக்குக் குறை வைத்ததில்லை. மொட்டை போடுவார்கள், மீனை விடுவார்கள், காபியை விடுவார்கள். ஒரு மாசம் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அவர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். இன்னும் இளைத்து, இன்னும் குறைவாகப் பேசிக்கொண்டு. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா அவர் முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவர் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நாந்தான்... கேட்டேன். அவ... மாட்டேன்னா. நாந்தான்."

எனக்கு அப்போதுதான் தெரியும். தலையில் தெளித்து, நெற்றியில் தடவி, ஜெபம் சொல்லத்தான் அவள் பாட்டிலைத் திறந்திருக்கிறாள். அவர்தான் கையைப் பிடித்துக்கொண்டு வாயைக் காட்டியிருக்கிறார். "கேட்டியா, உன் மேல தப்பு இல்ல, இனிமேலாவது அந்த நேர்ச்சைய விடு" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் நான் டீயைக் கொண்டுவந்தேன்.

"அண்ணன் கேட்டுச்சு, சரி. கை என்னோடது இல்லியா அண்ணி?" என்று டீயை என் பக்கமே தள்ளிவைத்தாள்.

ஆனாலும் எங்களுக்கு நம்பிக்கை இருந்தது, பரீட்சை இருந்ததே. உடம்பு தேறியதும் சஹனா அதற்கு ஏற்பாடு செய்தாள். எக்ஸ்ரேயில் சினிமா மாதிரி படம் ஓடும். தண்ணீரோடு ஒரு மருந்தைக் கலந்து ஒரு வாய் கொடுப்பார்கள், அது போகிற வழி திரையில் கறுப்பாகத் தெரியும். அன்று காலை அவர் தானே ஷேவ் செய்துகொண்டார், ரத்தம் வரவர. ஸ்டெல்லா லீவு போட்டுவிட்டு வந்து வெளியே ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்தேன். ஒரு கறுப்புக் கோடு நாக்கைத் தாண்டி வந்தது, ஒரு கணம் நின்றது, பிறகு போகக் கூடாத வழியில் நூலாக இறங்கியது. அவர் இருமவே இல்லை. அந்தப் பக்கம் இருந்து கட்டை விரலை உயர்த்தி, பாஸா என்று கண்ணால் என்னைக் கேட்டார்.

சில மாதம் விட்டு இன்னொரு தடவை வைத்தார்கள். அதே நூல். சஹனா என்னைத் தனியாகக் கூட்டிப்போய், தமிழைத் தேடாமல் கன்னடத்திலேயே சொன்னாள். இதற்கு மேல் வராது, இனி டெஸ்ட் வேண்டாம், இருக்கிற வரைக்கும் கெட்டித் தண்ணீர்தான் என்று. சொல்லிவிட்டு அவள்தான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவர் ஆட்டோவின் ஓரத்தில் சாய்ந்து, தெரு முனைக் கடைகளில் நின்றபடி டீ குடிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அவருக்காக அழுது முடித்த பிறகுதான் ஸ்டெல்லாவின் கணக்கு எனக்கு உறைத்தது. இவர் இனிக் குடிக்கப் போவதில்லை என்றால் அவளும் குடிக்கப் போவதில்லை.

அவள் வருவதை நிறுத்தவில்லை, அதுதான் கஷ்டம். பூசை முடிந்து, ஒவ்வொரு ஞாயிறும், மெஜஸ்டிக்கிலிருந்து நின்றபடியே பஸ்ஸில் வருவாள். ஏப்ரல் வெயிலில் உதடு வெடித்து வருவாள். இட்லி வைத்தால் சாப்பிடுவாள், தண்ணீர் தொட மாட்டாள். மோர்? "அதுலயும் தண்ணிதான அண்ணி ஊத்திருக்கீங்க." இளநீர் வெட்டிக் கொடுத்தேன். யோசித்துவிட்டு, "வேணாம், மாதாகிட்ட நான் வக்கீல் மாதிரி பேச முடியாது" என்றாள். ஒரு தடவை சப்பாத்தி விக்கிக்கொண்டது. கண் பிதுங்குகிறது, மூச்சு முட்டுகிறது. நான் டம்ளரோடு ஓடினால் அவள் என்னைத் தள்ளிவிட்டு லிஃப்டில் ஏறிக் கீழே போய்விட்டாள். அப்புறம் அசாம்காரன் செக்யூரிட்டி என்னிடம் சொன்னான், அந்த மேடம் வாரா வாரம் என் பாட்டிலில்தான் தண்ணீர் குடிக்கிறாள், உங்கள் வீட்டில் தண்ணீர் வரவில்லையா என்று. எங்களுக்குள் சண்டை என்றே அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். சண்டையாக இருந்தால் நான் எப்போதோ காலில் விழுந்து தீர்த்திருப்பேன்.

ஃபாதரைப் பிடித்தேன். நேர்ச்சையை மாற்றிக் கொடுக்கக் குருவுக்கு அதிகாரம் உண்டு. அவரும் ஒரு ஞாயிறு வந்து உட்கார்ந்து, "ஸ்டெல்லாம்மா, நான் விடுவிக்கிறேன், அதுக்குப் பதிலா ஏழைங்களுக்கு ஒரு வேளை சாப்பாடு போடு, போதும்" என்று பக்குவமாகச் சொன்னார். அவள் எழுந்து நின்று கும்பிட்டாள். "சாப்பாடு போடறேன் ஃபாதர். நீங்க விட்டுட்டீங்க, மாதாவும் விட்டுடுவாங்க. என் தொண்ட விடல."

அவரே ஒரு நாள் முயன்றார். நல்ல கையால் ஒரு டம்ளர் தண்ணீரைச் சிந்தச் சிந்த எடுத்துப்போய் அவள் முன்னால் நீட்டினார். "குடி." அவள் டம்ளரை வாங்கி, அவர் கைத்தடியைச் சரியாக ஊன்றிக் கொடுத்து, அவரை உட்கார வைத்து, தண்ணீரைக் கொண்டுபோய்ப் பால்கனியில் இருந்த துளசிச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தாள். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

இப்போது இந்த வீட்டுக்கு யாராவது வந்தால் நான் முதலில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவதில்லை. படியேறி வந்தவருக்கு, வா என்று சொல்வதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் என்பதுதான் எங்கள் வழக்கம். கூரியர்காரனுக்கும் அதுதான், சண்டைக்கு வந்தவனுக்கும் அதுதான். அது நின்றுபோய்விட்டது. ஹாலில் இருந்த தண்ணீர் கேனை ஸ்டோர் ரூமுக்குத் தள்ளிவிட்டேன். சாப்பாட்டு மேஜையில் ஜக் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் நாங்கள் மூன்று பேரும் விக்காமல் மெதுவாகச் சாப்பிடுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணனும் தங்கையும் ஹாலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து டி.வி. பார்ப்பார்கள். அவர் கையில் கெட்டித் தண்ணீர், ஸ்பூனோடு. அவள் கையில் ஒன்றும் இருக்காது. இந்த வீட்டில் தண்ணீர் குடிக்கிற ஆள் நான் ஒருத்திதான். தாகம் எடுத்தால் சமையலறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு, அதன் பின்னால் நின்று, தொண்டையில் சத்தம் வராமல் குடிக்கிறேன்.